தூசி மெஷின் ஓடவில்லை: முனகுகிறதா, மூச்சே இல்லையா?

"அண்ணே, மோட்டார் ஸ்டார்ட் ஆகல" என்று தெரிந்த தம்பி ஒருவன் போன் செய்தான். நம் மலேசியாவில் மோட்டார் என்றால் இரண்டு சக்கர வண்டிதானே? "பெட்ரோல் இருக்கா பாரு" என்றேன். சிரித்துவிட்டு, "வண்டி இல்லண்ணே, தூசி மெஷின்" என்றான். பட்டறையில் பறக்கும் மரத்தூளை விசிறியால் உறிஞ்சி எடுக்கும் மெஷின் அது.

சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, செம்பனைத் தோட்டம் ஆரம்பிக்கும் இடத்தில் தகரக் கூரை போட்ட சின்னத் தச்சுப் பட்டறை அவன் குடும்பத்துடையது. ரப்பர் மரத்திலும் நியாத்தோ மரத்திலும் சாமி மேடை செய்கிறார்கள். தீபாவளிக்கு முன்னால் ஆர்டர் குவிந்திருந்த சமயம். "என்ன சத்தம் வருது?" என்று கேட்டேன். "ஓடலண்ணே" என்றான். "ஓடலன்னு தெரியும்டா. பச்சை பட்டனை அமுக்கினா உம்முனு முனகுதா, இல்ல ஒண்ணுமே இல்லையா?"

அந்த ஒரு கேள்விக்கான பதில்தான் பாதி வேலை. இருபது வருடமாக வயர்மேன் வேலை பார்க்கிறேன். மெஷின் ஓடவில்லை என்று வரும் அழைப்புகளில் பெரும்பாலானவர்கள் சத்தத்தைக் கவனிப்பதே இல்லை. நேராக ஸ்குரூ டிரைவரை எடுத்துவிடுகிறார்கள்.

மூச்சே இல்லை என்றால் பெரும்பாலும் மின்சாரம் மோட்டார் வரை போய்ச் சேரவில்லை. முதலில் அதே சாக்கெட்டில் ஒரு மேசை விசிறியைச் செருகிப் பாருங்கள். மின்சாரம் பட்டால் குட்டி விளக்கு எரியும் டெஸ்ட் பென்னை நம்பாதீர்கள். மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் வயர் எங்காவது அறுந்திருந்தாலும் டெஸ்ட் பென் எரியும், மெஷின் மட்டும் ஓடாது. விசிறி சுற்றினால் சாக்கெட் சரி. அப்புறம் ப்ளக்கைத் திறந்து உள்ளே இருக்கும் 13 ஆம்பியர் பியூஸை மீட்டரில் பாருங்கள். வெளியில் கறுக்காமலேயே உள்ளே அறுந்திருக்கும். பியூஸுக்குப் பதிலாக வெள்ளி ஃபாயில் சுற்றி வைத்திருந்த பட்டறையையும் பார்த்திருக்கிறேன். அங்கே எரிந்தது பியூஸ் அல்ல, ப்ளக்.

அடுத்தது சுவிட்ச் பெட்டி. தூசி மெஷினுக்குத் தூசியே எமன். பச்சை, சிவப்பு பட்டன் வைத்த காந்த சுவிட்சுக்குள் மெல்லிய மரத்தூள் போய் உட்கார்ந்து, இரண்டு உலோகப் புள்ளிகள் ஒன்றையொன்று தொட முடியாமல் செய்துவிடும். நம் நாட்டில் இன்னொரு விருந்தாளியும் உண்டு, எறும்பு. சூடான இடம் அதற்குப் பிடிக்கும். காந்தச் சுருள் பக்கத்தில் கூடு கட்டியிருந்த எறும்புக் கூட்டத்தையும், நடுவில் நசுங்கிக் காய்ந்து கிடந்த பல்லியையும் பிரஷ்ஷால் தட்டி எடுத்திருக்கிறேன். மின்சாரத்தைத் துண்டித்த பிறகுதான், நிச்சயமாக.

அந்தச் சுவிட்ச் ஏன் காந்த சுவிட்ச் என்று கேட்டால் நிறைய பேருக்குத் தெரியாது. மின்சாரம் போனால் அது தானாக விட்டுவிடும், திரும்ப வந்தாலும் தானாக ஓடாது. மாலை மழைக்கு இடி இடித்துக் கரண்ட் போய், ஐந்து நிமிடத்தில் திரும்பி வருவது இங்கே வாடிக்கை. அந்த ஐந்து நிமிடத்தில் ஒருவன் மெஷினுக்குள் கை விட்டிருக்கலாம். பட்டன் நிற்கவில்லை என்று அட்டைத் துண்டை மடித்துச் செருகிப் பச்சையை அமுக்கியே வைப்பார்கள் சிலர். அதைச் செய்பவன் கெட்டிக்காரன் என்று பட்டறையில் பெயர் எடுப்பான். அதுதான் எனக்கு எரிச்சல்.

மோட்டார் அளவுக்கு மேல் இழுத்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஓவர்லோடு கொஞ்சம் வேடிக்கையான விஷயம். குழாயில் தூள் அடைத்தால் மோட்டார் திணறும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தூசி மெஷினுக்குள் இருக்கும் வகை விசிறியில் கதை வேறு. குழாய் அடைத்தால் காற்று நகராது, வேலை குறையும், ஆம்பியரும் குறையும். குழாயைக் கழற்றிப்போட்டு வாயைத் திறந்தபடி ஓட்டினால்தான் காற்று அள்ளிக்கொண்டு போய் மோட்டார் அதிகம் இழுக்கும். "சுத்தம் பண்ணக் குழாயைக் கழட்டினோம், கொஞ்ச நேரத்துல நின்னுபோச்சு, இப்ப உயிரே இல்ல" என்று யாராவது சொன்னால் ஓவர்லோடு தட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். அது சூட்டினால் வேலை செய்யும் பாகம். உடனே ரீசெட் பட்டனை அமுக்கினால் பிடிக்காது. ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து அமுக்குங்கள். மறுபடி தட்டினால் ஓவர்லோடில் இருக்கும் ஆம்பியர் நம்பரைத் திருகி ஏற்றாதீர்கள். மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியர்தான் கணக்கு.

சரி, தம்பியின் மெஷினுக்கு வருவோம். அது முனகியது.

முனகுகிறது என்றால் மோட்டாருக்குள் மின்சாரம் வந்துவிட்டது, சுற்ற முடியவில்லை என்று அர்த்தம். அப்போது அது சாதாரணமாக ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்து, ஆறு மடங்கு ஆம்பியர் இழுத்துக்கொண்டிருக்கும். அப்படியே விட்டு வைத்தால் கம்பிச் சுருளில் வார்னிஷ் வாசம் வரும். அந்த வாசம் வந்துவிட்டால் என் வேலை முடிந்து, காயில் (கம்பிச் சுருள்) கட்டுபவரின் வேலை ஆரம்பமாகிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது தம்பி என்ன செய்துகொண்டிருந்தான் தெரியுமா? குழாயைக் கழற்றிவிட்டு, சுவிட்ச் போட்ட நிலையிலேயே உறிஞ்சும் வாய் வழியாகக் குச்சியை விட்டு விசிறியைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். என் வலது ஆள்காட்டி விரலில் ஒரு தழும்பு இருக்கிறது. எடுபிடியாக இருந்த காலத்தில் நானும் அப்படித்தான், ஓடாத மோட்டார் என்று நினைத்துக் கை வைத்தேன். உள்ளே சூடானதும் தட்டி, ஆறியதும் தானாகப் பிடித்துக்கொள்ளும் பாதுகாப்பு சில மோட்டார்களில் உண்டு. அன்றைக்கு அது ஆறிக்கொண்டிருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. அதிலிருந்து ப்ளக்கைக் கழற்றி அதன் வயரை என் தோளில் போட்டுக்கொண்ட பிறகுதான் எந்த மெஷினையும் தொடுவது. ப்ளக் என் கண்ணில் படவேண்டும்.

ப்ளக்கைக் கழற்றிய பிறகு விசிறியைச் சுற்றிப் பார்த்தோம். லேசாகச் சுற்றியது. மரத்துண்டு எதுவும் சிக்கவில்லை, பேரிங்கும் நன்றாக இருந்தது. அப்போ கெபாசிட்டர்.

வீட்டு மின்சாரத்தில் ஓடும் ஒற்றை ஃபேஸ் மோட்டாருக்குத் தானாகக் கிளம்பத் தெரியாது. எந்தப் பக்கம் சுற்றுவது என்று சொல்லிக்கொடுப்பது கெபாசிட்டர். அது செத்துப்போனால் மோட்டார் நின்ற இடத்தில் முனகும், கையால் எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கமே ஓடும். தம்பி குச்சியால் தள்ளியபோது ஓட ஆரம்பித்திருந்தால், தலைகீழாகவும் ஓடியிருக்கலாம். தலைகீழாகச் சுற்றினாலும் இந்த விசிறி உறிஞ்சத்தான் செய்யும், ஆனால் நோஞ்சானாக. மூன்று மின் வயரில் ஓடும் மூன்று ஃபேஸ் மெஷினில் வயர் மாற்றிப் போட்டுவிட்டு, "பழைய இழுப்பு இல்லையே" என்று மாதக்கணக்கில் ஓட்டியவர்கள் உண்டு. மூன்று ஃபேஸ் மெஷின் முனகினால் கெபாசிட்டரைத் தேடாதீர்கள், அதில் கெபாசிட்டரே இருக்காது. பெரும்பாலும் ஒரு ஃபேஸ் போயிருக்கும். உடனே அணைத்துவிட்டு, மூன்றும் வருகிறதா என்று வயர்மேனை வைத்துப் பாருங்கள்.

கெபாசிட்டரின் மூடியைத் திறந்தால் மேல்பக்கம் வயிறு போல உப்பியிருந்தது. ப்ளக்கைக் கழற்றினாலும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். ஸ்குரூ டிரைவரை இரண்டு முனைக்கும் குறுக்கே வைத்துப் பொறி பறக்க விடுவது வீரமாகத் தெரியும். கண்ணில் தெறித்தால் வீரம் போய்விடும். நான் ஒரு ரெசிஸ்டரை இரண்டு வயரில் கட்டி வைத்திருக்கிறேன். அதைக் கொஞ்ச நேரம் தொட வைத்து, மீட்டரில் பூஜ்ஜியம் பார்த்த பிறகுதான் கழற்றுவேன். மேலே எழுதியிருந்த கொள்ளளவு 40 மைக்ரோஃபாரட். மீட்டர் காட்டியது 11.

புதியது வாங்கும்போது மைக்ரோஃபாரட் அதேதான் இருக்கவேண்டும். வோல்ட் குறையக் கூடாது, கூடினால் பரவாயில்லை. "கொஞ்சம் பெருசா போட்டா நல்லா இழுக்கும்லண்ணே?" என்றான் தம்பி. இழுக்காது, காயில் சூடாகும்.

மாற்றிப் போட்டால் முடிந்துவிடும்தான். ஆனால் அது ஏன் செத்தது என்று எனக்கு உறுத்தியது. வயரைப் பின்தொடர்ந்து போனால், இரண்டு குதிரைத்திறன் மெஷினுக்கு 20 மீட்டர் நீள எக்ஸ்டென்ஷன், அதுவும் வீட்டில் டிவிக்குப் போடும் 1 சதுர மில்லிமீட்டர் வயர், பாதி சுருட்டியபடியே கிடந்தது. தொட்டால் இளஞ்சூடு. கிளம்பும் நேரத்தில் இந்த மோட்டார் 50 ஆம்பியர் வரை கேட்கும். அவ்வளவு நீளத்துக்கு அந்த மெல்லிய வயரில் ஏறக்குறைய 40 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். 230 வரவேண்டிய இடத்தில் 190தான் மோட்டாருக்குக் கிடைக்கும். கிளம்பும் வலு வோல்ட்டின் இருமடியைப் பொறுத்தது. அதனால் மோட்டாருக்கு மூன்றில் இரண்டு பங்கு பலம்தான் மிஞ்சும். ஒவ்வொரு தடவையும் அது இழுத்து இழுத்துக் கிளம்பியதில், தகரக் கூரைச் சூடும் சேர்ந்து கெபாசிட்டரை வேகவைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் கேட்டேன். "நேத்துலேர்ந்து ஓடலைன்னா நேத்து என்ன செஞ்சீங்க?" பதில் சுவரிலேயே இருந்தது. சாமி மேடை அறுத்த தூள் விரல் கனத்துக்கு ஏறியிருந்தது, துணி முகமூடி ஆணியில் தொங்கியது. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்துவிட்டது. மூக்குக்குள் வரும் புற்றுநோய் அது. தூசி மெஷின் ஓடாத நாளில் ரம்பமும் ஓடக் கூடாது என்றேன். பெரியவர், தம்பியின் அப்பா, "ஆர்டர் இருக்கேப்பா" என்றார். நானும் ஆர்டர் வாங்கிப் பிழைப்பவன்தான், எனக்கும் அவரிடம் சண்டை போட முடியவில்லை. மறுநாள் காலை வரை ரம்பத்தை நிறுத்திவிட்டு வார்னிஷ் வேலை பார்க்கச் சொன்னேன். முணுமுணுத்தார், ஒத்துக்கொண்டார்.

புதுக் கெபாசிட்டர் போட்டு, 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் மெஷினுக்கென்று தனி சாக்கெட் இழுத்துக் கொடுத்தேன். பச்சையை அமுக்கியதும் இரண்டு விநாடிக்குள் வேகம் பிடித்துவிட்டது. கிளம்பும்போது அந்தப் பழைய எக்ஸ்டென்ஷனைச் சுருட்டி என் வேனில் போட்டுக்கொண்டேன். தம்பி இரண்டு தடவை கேட்டுவிட்டான், இன்னும் கொடுக்கவில்லை.