‘தவறான எண்ணத்தில் தொட்டார்’ என்று எழுதினால் போதாது: போக்சோவில் நோக்கம் எப்படி நிரூபணமாகிறது

“எதிரி என் மகளிடம் தவறான எண்ணத்துடன் நடந்துகொண்டார்.” குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டப் புகார்களில் அலுத்துப்போகும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வரும் வரி இது. ஸ்டேஷனில் யாரோ சொல்லச் சொல்ல எழுதியதாக இருக்கும், அல்லது குழந்தையின் தாய் கூச்சப்பட்டு அப்படி மூடி எழுதியிருப்பார். எழுதும்போது வசதியான வரிதான். வழக்கு விசாரணைக்கு வரும்போது இதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இருக்காது. எங்கே தொட்டார், எப்படித் தொட்டார், அப்போது அங்கே வேறு யார் இருந்தார்கள், பிறகு என்ன சொன்னார் என்று எதுவும் இல்லை. எண்ணத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. நடந்ததை வைத்துத்தான் நீதிமன்றம் எண்ணத்தை ஊகிக்கும். நடந்தது காகிதத்தில் இல்லையென்றால் ஊகிக்க என்ன இருக்கிறது?

சட்டம் எளிமையானதுதான். 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ சட்டத்தில் 18 வயது நிரம்பாத எவரும் குழந்தை, ஆணானாலும் பெண்ணானாலும். அதன் பிரிவு 7 இரண்டு வகையான செயலைச் சொல்கிறது. ஒன்று, பாலியல் நோக்கத்தோடு குழந்தையின் அந்தரங்க உறுப்பையோ மார்பையோ தொடுவது, அல்லது குழந்தையைத் தொடவைப்பது. இரண்டாவது, உடல் தொடர்புள்ள ‘வேறு எந்தச் செயலும்’, அதே நோக்கத்தோடு செய்யப்பட்டால். பலர் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். “அங்கெல்லாம் தொடலையே, முத்தம்தானே கொடுத்தார், இடுப்பைத்தானே பிடித்தார்” என்று ஸ்டேஷனில் சொல்லித் திருப்பி அனுப்பினால், இரண்டாம் பாதியைக் காட்டுங்கள். தண்டனை 3 முதல் 5 ஆண்டு. குழந்தை 12 வயதுக்குக் கீழ் என்றாலோ, செய்தவர் பள்ளி ஊழியர், உறவினர், போலீஸ் என்றாலோ, ஒரு தடவைக்கு மேல் நடந்திருந்தாலோ பிரிவு 9, 10-க்குப் போகும். அப்போது 5 முதல் 7 ஆண்டு.

‘துணிக்கு மேலேதானே’ என்ற வாதம் 2021-லேயே செத்துவிட்டது. ஆனாலும் இன்னும் யாராவது அதை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். நாக்பூரில் கொய்யாப்பழம் தருவதாக 12 வயதுச் சிறுமியை ஒருவர் தன் வீட்டுக்குக் கூட்டிப்போன வழக்கு அது. தோலோடு தோல் படவில்லை, எனவே போக்சோ பொருந்தாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2021 ஜனவரியில் சொன்னது. அப்படியானால் கையுறை போட்டுக்கொண்டு தொடுகிறவன் தப்பித்துவிடுவானே என்று கேட்டு மத்திய அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலே உச்ச நீதிமன்றம் போனார். 2021 நவம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து 3 ஆண்டு கடுங்காவல் கொடுத்தது. பிரிவு 7-இல் முக்கியமான கூறு பாலியல் நோக்கமே தவிர தோல் தொடர்பு அல்ல என்பது முடிவு.

அந்த வழக்கில் எதிராளியின் மனதில் இருந்தது எப்படி வெளியே வந்தது என்று பாருங்கள். பழத்தைக் காட்டிக் கூட்டிப்போனார். குழந்தை கத்தியபோது வாயைப் பொத்தினார். அறையை வெளியே தாழிட்டார். தேடி வந்த தாயிடம் பெண் இங்கே இல்லை என்றார். தாய் மாடிக்குப் போய்த் தாழ்ப்பாளைத் திறந்தபோது குழந்தை அழுதுகொண்டிருந்தது. இதில் ‘எண்ணம்’ என்ற சொல்லே இல்லை. ஆனால் இதைப் படித்தபின் எண்ணம் என்னவென்று யாருக்கும் சந்தேகம் வராது.

உங்கள் புகாரும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரு மாதிரி:

“டியூஷன் முடிந்து மற்ற பிள்ளைகள் போன பிறகு என்னை மட்டும் இருக்கச் சொன்னார். கதவைச் சாத்தினார். பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக்கு மேல் நெஞ்சில் கை வைத்தார். நான் எழுந்தேன், கையைப் பிடித்து உட்கார வைத்தார். வீட்டில் சொன்னால் பெயில் போட்டுவிடுவேன் என்றார். போகும்போது 20 ரூபாய் கொடுத்தார்.”

மற்றவர்கள் போன பிறகு, கதவு சாத்தியது, எழுந்தும் விடாதது, மிரட்டல், காசு. இந்த ஐந்தும் எழுத்தில் இருக்கும்போது, ‘நன்றாகப் படித்ததால் தட்டிக்கொடுத்தேன்’ என்ற வாதம் எடுபடாது. தட்டிக்கொடுக்கிறவர் கதவைச் சாத்த வேண்டியதில்லை, வாயை மூடக் காசும் தர வேண்டியதில்லை. ஐந்தையும் விட்டுவிட்டு ‘நெஞ்சில் கை வைத்தார்’ என்று மட்டும் எழுதினால் அதே வாதம் உயிர் பெறும். குழந்தை எந்தச் சொல்லால் சொன்னதோ அந்தச் சொல்லையே எழுதச் சொல்லுங்கள். ‘பாலியல் சீண்டல்’ என்று எட்டு வயதுக் குழந்தை பேசாது. அப்படி எழுதியிருந்தால் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வி, “இந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தது யார் பாப்பா?”

அடுத்தது, ‘போக்சோன்னா அவன்தான் நிரூபிக்கணும், நாம ஒண்ணும் செய்ய வேண்டாம்’ என்ற நம்பிக்கை. பாதி உண்மை, அதனாலேயே ஆபத்து. பிரிவு 29 குற்றம் நடந்ததாக அனுமானிக்கச் சொல்கிறது. பிரிவு 30 குற்ற மனநிலை இருந்ததாக அனுமானிக்கச் சொல்கிறது. தனக்கு அந்த நோக்கம் இல்லை என்பதை எதிராளி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்பது வரை 30 போகிறது. ஆனால் இரண்டும் தானாக ஓடும் யந்திரம் அல்ல. சம்பவம், வயது, எதிராளி அங்கே இருந்தது ஆகிய அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் நிறுவ வேண்டும் என்று நீதிமன்றங்கள் விடாமல் சொல்லி வருகின்றன. அது ஆட்டம் கண்டால் அனுமானமும் விழும். இன்னொரு சிக்கலும் உண்டு. 29 பொருந்துவது 3, 5, 7, 9 ஆகிய பிரிவுகளுக்கு மட்டும். பேச்சு, சைகை, பின்தொடர்தல், ஆபாசப் படம் காட்டுதல் எல்லாம் பிரிவு 11. அங்கே 29 உதவிக்கு வராது, 30 மட்டுமே. செயல் நடந்ததை முழுக்க அரசுத் தரப்புதான் காட்ட வேண்டும்.

பிரிவு 11-இல் பின்தொடர்வது, தொடர்புகொண்டு தொல்லை செய்வது என்றால் ‘திரும்பத் திரும்ப’ நடந்ததைக் காட்ட வேண்டும், நோக்கத்தையும். 2025-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு, 17 வயதுப் பெண்ணை வழிமறித்துக் கையைப் பிடித்து ‘ஐ லவ் யூ’ சொன்னவரை விடுவித்தது. அந்தச் சொற்களை மட்டும் வைத்துப் பாலியல் நோக்கம் என்று சொல்ல முடியாது, நோக்கத்தைக் காட்டும் வேறு ஏதாவது இருக்க வேண்டும் என்றது. தீர்ப்பு உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். எதிர்த்தரப்பு வக்கீல் அதைக் கையில் வைத்திருப்பார் என்பதை மறக்காதீர்கள். ஆகவே தேதி வேண்டும். எந்தெந்த நாள் பள்ளி வாசலில் நின்றார், எத்தனை முறை போன் செய்தார், என்ன சொன்னார். கால் லிஸ்ட், மெசேஜ் எல்லாம் இருக்கும் போனை அப்படியே போலீஸிடம் கொடுத்து மகஸரில் (கைப்பற்றியதைப் பதியும் போலீஸ் குறிப்பு) எழுதி வாங்குங்கள்.

போன் என்றதும் இன்னொரு எச்சரிக்கை. குழந்தையின் ஆபாசப் படமோ வீடியோவோ வந்திருந்தால் ‘ஆதாரத்துக்காக’ என்று மாமாவுக்கும் சித்திக்கும் பார்வர்டு செய்யாதீர்கள். செய்தால் நீங்களே பிரிவு 15-இல் மாட்டுவீர்கள். சென்னையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் போனில் இத்தகைய வீடியோ வைத்திருந்த வழக்கை 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கை மீண்டும் உயிர்ப்பித்தது. அழிக்காமலும் போலீஸுக்குச் சொல்லாமலும் வைத்திருந்ததிலிருந்தே பகிரும் நோக்கத்தை அனுமானிக்கலாம் என்றது. முகம் தெரியாத ஆளிடமிருந்து வந்தால் உடனே புகார் செய்யுங்கள். வாங்கி வைத்துக்கொண்டு யோசிக்காதீர்கள்.

இனி ஸ்டேஷன். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்தாலும் உள்ளூர் ஸ்டேஷனில் கொடுத்தாலும் கையில் வர வேண்டியது எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) நகல், அதுவும் இலவசமாக. நிறைய பேர் கையில் இருப்பது சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனு வந்தது என்பதற்கான சீட்டு மட்டும். ‘விசாரித்துச் சொல்கிறோம்’ என்று அதைக் கொடுத்து அனுப்பிவிட்டு, மறுநாள் எதிராளியையும் கூப்பிட்டு இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைப்பார்கள். குழந்தையைக்கூட. சட்டப்படி குழந்தையை எதிராளி எதிரே கொண்டுவரவே கூடாது. ‘எல்லை எங்களது இல்லை’ என்பதும் பதில் ஆகாது. எந்த ஸ்டேஷனிலும் பதிந்து மாற்றி அனுப்பலாம். மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. தகவல் வந்தும் பதியாத போலீஸுக்கே பிரிவு 21-இல் ஆறு மாதம் வரை தண்டனை உண்டு. இதை மிரட்டலாக வேண்டாம், எஸ்.பி.க்கு எழுதும் கடிதத்தில் ஒரு வரியாகச் சேருங்கள். பள்ளி நிர்வாகம் ‘நாங்களே கமிட்டி போட்டு விசாரிக்கிறோம்’ என்றாலும் இதே பிரிவுதான். நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை.

பதிந்துவிட்டார்கள் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகாதீர்கள். எஃப்.ஐ.ஆரில் என்ன பிரிவு என்று அங்கேயே படியுங்கள். போக்சோவே இல்லாமல், பொதுக் குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 74, 75 மட்டும் போடுவது பழைய தந்திரம். பிரிவு 7 இருக்க வேண்டிய இடத்தில் 11 போடுவது புதிய தந்திரம். குழந்தை 12 வயதுக்குக் கீழா, செய்தவர் ஆசிரியரா என்ற விவரம் விட்டுப்போய் 9, 10 காணாமல் போவதும் சகஜம்.

‘பொய்ப் புகார் என்று ஆகிவிட்டால் உங்கள் மேல் கேஸ்’ என்று பயமுறுத்துவார்கள். பிரிவு 22 அவமானப்படுத்தவோ பணம் பறிக்கவோ மிரட்டவோ அவதூறு செய்யவோ மட்டுமே பொய் சொன்னவர்களுக்கு. நிரூபிக்க முடியாமல் போன புகார் பொய்ப் புகார் அல்ல. குழந்தை பொய் சொன்னது என்றே முடிவானாலும் குழந்தைக்குத் தண்டனை கிடையாது. சமரசப் பேச்சுக்கும் இடமில்லை. ஆசிரியர் மீதான புகாரைப் பெற்றோர் சமாதானமாகிவிட்டார்கள் என்று ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஊர்ப் பெரியவர் முன்னால் எழுதி வாங்கும் பத்திரத்துக்கு மதிப்பில்லை. எதிர்த்தரப்பு மட்டும் அதைப் பத்திரமாக வைத்திருந்து, காசு வாங்கிய குடும்பம் என்று காட்டும்.

முன்பகை இருந்தால் மறைக்காதீர்கள். வரப்புத் தகராறு, பீஸ் பாக்கி, தெருச் சண்டை எதுவானாலும் புகாரிலேயே ஒரு வரி இருக்கட்டும். நீங்கள் சொன்னால் அது தகவல், எதிர்த்தரப்பு தோண்டி எடுத்தால் அது பொய் வழக்குக்கான காரணம். புகார் தாமதமானதற்கும் இப்படித்தான்: குழந்தை எப்போது, யாரிடம், ஏன் அப்போதுதான் சொன்னது என்று எழுதுங்கள்.

மருத்துவப் பரிசோதனைக்கு எஃப்.ஐ.ஆர். வரும்வரை காத்திருக்க வேண்டாம். போலீஸ் கடிதம் கொண்டுவா என்று அரசு மருத்துவமனையில் கேட்டால், அப்படிக் கேட்கக் கூடாது என்று போக்சோ விதிகளே சொல்கின்றன. பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பார்க்க வேண்டும். தொடுதல் வழக்கில் பெரும்பாலும் காயம் இருக்காது. ‘காயம் இல்லை’ என்ற வரியைப் பார்த்து மனம் உடைய வேண்டாம்.

வயதுச் சான்றில் கோட்டை விட்டால் மேலே சொன்ன எதுவும் உதவாது. 2023 ஜூலையில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், பள்ளி மாற்றுச் சான்றிதழும் சேர்க்கைப் பதிவேட்டு நகலும் போதாது என்று போக்சோ தண்டனையை ரத்து செய்தது. ஆகவே டி.சி.யை நம்பி உட்காராதீர்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழோ பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றோ முதலில், அது இல்லையென்றால் நகராட்சி அல்லது ஊராட்சிப் பிறப்புச் சான்றிதழ், அதுவும் இல்லாவிட்டால்தான் வயதைக் கணிக்கும் எலும்புச் சோதனை.

குழந்தையின் வாக்குமூலத்தைச் சீருடையில்லாத பெண் அதிகாரி வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ பதிய வேண்டும். மாஜிஸ்திரேட் முன்னால் இன்னொரு முறை. அதற்கு முந்தைய இரவு உட்கார வைத்து ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். ஒப்பித்த குழந்தை ஒரு வரியை மறந்தால் எல்லா வரியும் சந்தேகத்துக்குள் போகும். சின்னச் சின்ன முரண் இருந்தால் இருக்கட்டும், குழந்தைகள் அப்படித்தான் சொல்வார்கள். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் நேரடியாகக் கேட்க முடியாது, கேள்விகள் நீதிபதி வழியாகத்தான் வர வேண்டும். இது நடக்கவில்லை என்றால் அரசு வழக்கறிஞரிடம் அங்கேயே சொல்லுங்கள். அவரிடம் கட்டு கட்டாக வழக்குகள். உங்கள் வழக்கின் அந்த ஐந்து விவரத்தையும் சாட்சி நாளுக்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். துணைக்கு ஆதரவு நபர் வேண்டும் என்று குழந்தைகள் நலக் குழுவிடம் கேளுங்கள், செலவில்லை. எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள் 1098-ஐ அழைக்கலாம்.

நோக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலையானாலோ, சிறிய பிரிவில் மட்டும் தண்டித்தாலோ, பாதிக்கப்பட்டவர் தரப்பே மேல்முறையீடு செய்யலாம். அரசு செய்யும் என்று காத்திருக்கத் தேவையில்லை. தீர்ப்பு வாசித்த அன்றைக்கே நகலுக்கு மனு போடுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீல் கேட்கும் முதல் காகிதம் அதுதான்.