கதவில்லாத அறைக்குள் எலெக்ட்ரான்

தேவகோட்டையிலிருந்து கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணன் வைத்திருந்த பழைய லேப்டாப் என்னிடம் வந்திருக்கிறது. ஆன் ஆவதற்குள் பொறுமை போய்விடுகிறது. ஹார்ட் டிஸ்க்கை மாற்றினால் சரியாகும் என்கிறார்கள். எதை வாங்குவது?"

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். பழைய லேப்டாப் டிஸ்க்குகளில் தகடு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். தகவலைப் படிக்கும் முள் நகர்ந்து, தகட்டில் வேண்டிய இடம் சுழன்று வந்து சேர 15 மில்லிவினாடி போல ஆகிவிடும். கணினி தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் தேடுகிறது. இந்தக் காத்திருப்புதான் நிமிடக்கணக்கில் நீள்கிறது. அதற்குப் பதிலாக நீங்கள் வாங்க வேண்டியது எஸ்.எஸ்.டி, அதாவது தகட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் டிஸ்க். அதில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை.

பழைய டிஸ்க் இருந்த இடத்தில் இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி உட்கார்ந்துவிடும். எம்.2 இடம் (பட்டை வடிவச் சின்ன எஸ்.எஸ்.டி செருகும் இடம்) இருந்தால், அது சாட்டாவை ஏற்குமா, என்.வி.எம்.இ.யை ஏற்குமா (இரண்டும் டிஸ்க்கும் கணினியும் பேசிக்கொள்ளும் முறைகள்) என்று மாடல் எண்ணை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பொருந்திவிட்டது என்பதற்காக வேலை செய்துவிடாது. சாட்டா வினாடிக்குச் சுமார் 550 மெகாபைட்டோடு நின்றுவிடும், என்.வி.எம்.இ ஆயிரக்கணக்கில் போகும். ஆனால் பாடம் படிக்க, பிராஜெக்ட் எழுத சாட்டாவே தாராளம்.

அப்புறம், பெட்டியில் டி.எல்.சி, கியூ.எல்.சி என்று போட்டிருக்கும். எனக்குப் பிடித்த விஷயமே இங்கேதான் இருக்கிறது.

எஸ்.எஸ்.டி சிப்புக்குள் கோடிக்கணக்கான நுண்ணறைகள். ஒவ்வொன்றிலும் எலெக்ட்ரான்களை அடைத்து வைப்பதுதான் சேமிப்பு. நம் செட்டிநாட்டு வீட்டில் கதவும் சன்னலும் வைக்காமல் நாலு பக்கமும் சுவர் எழுப்பிய ஓர் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படித்தான் அதைச் சுற்றி மின்சாரம் கடத்தாத ஆக்சைடு. கதவில்லாததால் கரண்ட் போனாலும் எலெக்ட்ரான் சட்டென்று வெளியேறாது. அப்படியென்றால் உள்ளே எப்படிப் போயிற்று? சுவரைத் துளைக்காமலே ஊடுருவிப் போயிற்று. அந்த ஆக்சைடின் தடிமன் 10 நானோமீட்டருக்குள். எலெக்ட்ரானுக்கு அலைக்குணம் உண்டு; 20 வோல்ட் அளவுக்கு அழுத்தம் கொடுத்தால் சுவர் அதற்கு இன்னும் மெலிந்துபோக, மறுபக்கம் தோன்றிவிடுகிறது. குவாண்டம் இயற்பியல் நம் மடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு முறை கோப்பைச் சேமிக்கும்போதும் நடக்கிறது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

வலுவான மின்புலத்தில் உலோகத்திலிருந்து எலெக்ட்ரான் இப்படி வெளியேறுவதை ஃபவுலர், நார்ட்ஹைம் என்ற இயற்பியலாளர்கள் 1928லேயே கணக்கிட்டுவிட்டார்கள். அப்போது கணினியே கிடையாது. "இதனால் என்ன லாபம்?" என்று கேட்டு நிதியை நிறுத்துகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். காரைக்குடியில் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) வருவதற்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அந்த மண்ணில் இருந்துகொண்டு அடிப்படை ஆராய்ச்சியை வீண்செலவு என்று நாம் பேசக் கூடாது.

இனி விலை விஷயம். ஒவ்வொரு முறை ஊடுருவும்போதும் ஆக்சைடு கொஞ்சம் பழுதாகிறது. டி.எல்.சி.யில் ஓர் அறை மூன்று பிட் (ஒவ்வொரு பிட்டும் ஒரு 0 அல்லது 1) வைத்திருக்கும். அதற்கு எட்டு மின்னூட்ட அளவுகளைப் பிரித்தறிய வேண்டும். கியூ.எல்.சி.யில் நான்கு பிட், பதினாறு அளவுகள். இடைவெளி குறுகுவதால் கொஞ்சம் கசிந்தாலும் குழப்பம். ஓர் அறையில் அதிகம் அடைப்பதால் கியூ.எல்.சி மலிவு; இந்தக் குழப்பத்தால் அது எழுதத் தாங்கும் தடவை குறைவு. கூடுதல் சில நூறு ரூபாய்தான் என்றால் டி.எல்.சி.யையே எடுங்கள். 250 ஜிபியை விட 500 ஜிபி நல்லது: எழுதும் சுமை அதிக அறைகளுக்குப் பிரிந்து போகும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். தாத்தாவின் அறுபதாம் கல்யாண வீடியோவை எஸ்.எஸ்.டி.யில் ஏற்றி, இரும்பு அலமாரியில் வருடக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள். மின்சாரம் இல்லாமல் கிடக்கும்போது எலெக்ட்ரான் மெல்லக் கசியும். நம் ஊர் சித்திரை வெயிலில் இன்னும் வேகமாக. கழற்றிய பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் அதை ஒரு யு.எஸ்.பி உறையில் போட்டு அந்த வீடியோவை அதில் வையுங்கள், இன்னொரு பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும்.