ஜப்பானில் வெந்நீர் ஊற்றில் இறங்கும் முன்: பிரஷர், சுகர் உள்ளவர்களுக்கு

ஜப்பான் போகிறவர்கள் என்னிடம் சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும்தான் மருந்து எழுதி வாங்கிப் போகிறார்கள். "ஒன்சென்னில், அதாவது அங்குள்ள வெந்நீர் ஊற்றில், குளிப்பீர்களா?" என்று நான்தான் கேட்க வேண்டியிருக்கிறது. "கண்டிப்பா டாக்டர், அதுக்குத்தானே போறோம்" என்பார்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்தக் குளியலைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஒன்சென் தொட்டிகளில் தண்ணீர் பெரும்பாலும் 40 முதல் 42 டிகிரி சூட்டில் இருக்கும். பிப்ரவரியில் சப்போரோ பனித் திருவிழாவைப் பார்த்துவிட்டு, உறைந்த உடம்போடு பக்கத்திலிருக்கும் ஜோசான்கேய் ஊற்றுக்குப் போகிறீர்கள். குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறியிருக்கும். சூடான நீரில் அவை விரிந்து அழுத்தம் மளமளவென இறங்கும். ஜப்பானியர்கள் இதை 'ஹீட் ஷாக்' என்கிறார்கள். அங்கே குளிர்காலத்தில் முதியவர்கள் குளியல் தொட்டியிலேயே இறந்துபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பிரஷர் மாத்திரையோடு புராஸ்டேட் மாத்திரையும் சாப்பிடுகிறவர்களுக்குத் தொட்டியிலிருந்து எழும்போது தலைசுற்றும் ஆபத்து இன்னும் அதிகம். கால் ஈரம், தரை கல்.

இறங்கும் முன் காலில் தொடங்கி மேலே மேலே வெந்நீரை மொண்டு ஊற்றிக்கொள்ளும் வழக்கம் அங்கே உண்டு. சுத்தத்துக்காக மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள், உடம்பைச் சூட்டுக்குப் பழக்குவதும் அதுதான். ஐந்து நிமிடம், அதிகம் போனால் பத்து நிமிடம் போதும். மார்பு வரை மட்டும் அமிழ்ந்தால் இதயத்துக்குச் சுமை குறைவு. எழும்போது விளிம்பைப் பிடித்து மெதுவாக எழுங்கள். விடுதிகளில் இரவு விருந்தோடு சாக்கே என்ற அரிசி மது வரும். குடித்துவிட்டு இறங்கவே கூடாது.

சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் உணர்ச்சி குறைந்திருந்தால், தண்ணீரின் சூட்டைக் கால் சொல்லாது. கையை விட்டுப் பாருங்கள். பாதத்தில் புண் இருந்தால் இறங்க வேண்டாம். இன்சுலின் போட்டவுடனே இறங்கினால் மருந்து வேகமாக ரத்தத்தில் கலந்து தாழ்சர்க்கரை வரலாம்.

எல்லா ஊற்றும் குளிப்பதற்கல்ல. பெப்பு நகரில் 'நரகங்கள்' என்று அழைக்கப்படும் வெந்நீர்க் குளங்கள் கண்ணுக்கு மட்டும். நீலக் குளமான உமி ஜிகோகுவில் நீர் கிட்டத்தட்ட கொதிநிலையில் இருக்கிறது. குசாட்சு என்ற வெந்நீர் ஊற்று ஊரில் ஆளுயர மரப்பலகையால் நீரைப் புரட்டிப் புரட்டிச் சூடு ஆற்றுவதைப் பாட்டோடு செய்து காட்டுவார்கள். பச்சைத்தண்ணீர் கலந்தால் ஊற்றின் வீரியம் போய்விடும் என்பதால் வந்த முறை அது. அவசியம் பாருங்கள். ஆனால் அந்த நீர் எலுமிச்சைச் சாறு அளவுக்கு அமிலம். சொறி, கரப்பான், வெடிப்பு உள்ளவர்களுக்கு எரியும். குளித்தபின் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

ஒவ்வொரு குளியலிடத்திலும் நீரில் என்ன தாது இருக்கிறது, யார் இறங்கக்கூடாது என்று எழுதி ஒட்ட வேண்டும் என்பது ஜப்பானியச் சட்டம். அதை மொழிபெயர்த்துப் படிக்கலாம் என்று உடை மாற்றும் அறையில் போனை எடுக்காதீர்கள். விடுதி வரவேற்பில் கேட்டால் சொல்வார்கள். கந்தக ஊற்று என்றால் மெட்டியையும் கொலுசையும் அறையிலேயே கழற்றி வையுங்கள், வெள்ளி கறுத்துவிடும். யாராவது மயங்கினால் முதலில் தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்துத் தொட்டி நீரை வெளியேற்றச் சொல்லுங்கள், ஆம்புலன்ஸுக்கு எண் 119.