பழைய எஃப்.எம். டியூனரில் ஐசி கடைசி வேலை

பயனியர், கென்வுட், சான்சுய் என்று எழுபதுகளில் வந்த ஜப்பான் டியூனர்களை (நிலையத்தைப் பிடித்து ஒலியை ஆம்ப்ளிஃபயருக்குத் தரும் பெட்டி) வாங்குபவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஐசி போட்டால் சத்தம் நன்றாக இருக்கும்?" என்பதுதான். அவர்கள் சொல்லும் ஐசி, ஆடியோ சிக்னலைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் சில்லு. அதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய உண்டு.

முதலில் டி-எம்ஃபசிஸ், அதாவது நிலையம் தூக்கி அனுப்பும் உச்ச ஒலிகளை டியூனரில் பழையபடி இறக்கும் வடிகட்டி. அமெரிக்காவுக்கென்று செய்த செட்டில் அது 75 மைக்ரோசெகண்ட். இந்திய நிலையங்களுக்கு வேண்டியது 50. அப்படியே கேட்டால் 10 கிலோஹெர்ட்ஸில் மூன்று டெசிபலுக்கு மேல் குறைந்து, ஜால்ராவும் வயலினும் மங்கிவிடும். சில மாடல்களில் இதற்குப் பின்புறம் சுவிட்ச் இருக்கும். இல்லையென்றால் ஸ்டீரியோ டீகோடரின் (இடது, வலது ஒலியைப் பிரிக்கும் பகுதி) இரண்டு அவுட்புட்டிலும் உள்ள டி-எம்ஃபசிஸ் கண்டென்சரை மூன்றில் இரண்டு பங்கு மதிப்புக்கு மாற்றுங்கள்: 0.015 மைக்ரோஃபாரட் இருந்தால் 0.01. இரண்டையும் மீட்டரில் அளந்து ஜோடி சேர்த்த ஃபிலிம் வகையாகப் போடவும். பல நேரம் இந்த ஒரு மாற்றமே போதும்.

அடுத்து, காய்ந்துபோன எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். ஃபியூஸ் பக்கம் மெயின்ஸ் மின்சாரம் நிற்கும். பவர் சப்ளையில் அதே மைக்ரோஃபாரட், 105 டிகிரி வகை. வோல்டேஜ் குறையக் கூடாது. ஆடியோ வழியில் 1 மைக்ரோஃபாரட் வரை உள்ளவற்றுக்கு இடமிருந்தால் ஃபிலிம் போடலாம். ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினால் பிளஸ் மைனஸ் மாறாது. டீகோடர் அருகில் கண்ணாடி போலத் தெரியும் பாலிஸ்டைரீன் கண்டென்சரைத் தொடாதீர்கள். வெப்பநிலை மாறினாலும் ஆசிலேட்டரை நிலையாக வைப்பது அதுதான்; சால்டரிங் அயர்ன் பட்டால் உருகும். பிஎல்எல் வகை டீகோடர் (ஸ்டீரியோ பைலட்டோடு தன் ஆசிலேட்டரைப் பூட்டிக்கொள்வது) என்றால், பைலட், அதாவது நிலையம் ஸ்டீரியோவுக்காகச் சேர்த்து அனுப்பும் குறி சிக்னல், இல்லாத நிலையில் டெஸ்ட் பாயின்ட்டில் ஃப்ரீக்வென்சி கவுன்டரை வைத்து, சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு (பெரும்பாலும் 76 கிலோஹெர்ட்ஸ்) பிரீசெட்டை (திருகிச் சரிசெய்யும் சிறு ரெசிஸ்டர்) திருப்ப வேண்டும்.

10.7 மெகாஹெர்ட்ஸ் செராமிக் ஃபில்டரை (கேட்கும் நிலையத்தை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி) மாற்றுவது துணிச்சலான வேலை. சென்னையில் 91.1, 91.9, 92.7 என நிலையங்கள் 0.8 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இருப்பதால் 180 கிலோஹெர்ட்ஸ் அகல ஃபில்டருக்குப் பதில் 230 அல்லது 280 போட்டு டிஸ்டார்ஷனைக் குறைக்கலாம். ஃபில்டரின் மேல் நடு அலைவரிசையைக் குறிக்கும் புள்ளி எல்லாவற்றிலும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். சிவப்பு என்றால் எல்லாம் சிவப்பு. பிறகு டிடெக்டர் காயிலை (எஃப்.எம். சிக்னலிலிருந்து ஒலியைப் பிரிக்கும் பகுதியின் காயில்) மீண்டும் சரிசெய்தாக வேண்டும். அதற்கு சிக்னல் ஜெனரேட்டரும் டிஸ்டார்ஷன் மீட்டரும் வேண்டும். இவை இல்லாதவர்கள் ஃபில்டரைத் தொட வேண்டாம். இரும்பு ஸ்க்ரூடிரைவரால் காயிலின் நடுவே உள்ள ஃபெரைட் கோரைத் திருகி உடைத்த செட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது மிகக் கடினம்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஐசி. 4558 என்ற பழைய ஆப்-ஆம்ப்புக்குப் பதில் 5532 போட்டால் கரண்ட் கூடுதலாக இழுக்கும். இன்புட் பயாஸ் கரண்டும் (ஐசியின் இன்புட்டில் ஓடும் சிறு கரண்ட்) அதிகம் என்பதால், பெரிய மதிப்பு ரெசிஸ்டர் உள்ள இடத்தில் டிசி ஆஃப்செட் (அவுட்புட்டில் வரக் கூடாத டிசி வோல்டேஜ்) ஏறும். ஐசியின் பவர் கால்களான 4-க்கும் 8-க்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கண்டென்சரைக் கால்களை ஒட்டியே வையுங்கள். மாட்டியபின் ஐசி கை வைக்க முடியாத அளவு சுட்டால், அது ஆசிலேட் ஆகிறதா என்று ஸ்கோப்பில் பாருங்கள். அப்படி ஆசிலேட் ஆகிறது என்றால் பழையதையே திரும்பப் போடுங்கள்.