பளபளக்கும் பிளாக் சமமான பிளாக் அல்ல

என்ஜினின் அடிப்பகுதியான பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்க வைக்கும் ஹெட் கேஸ்கெட்டை மாற்றிச் சில நூறு கிலோமீட்டர் மட்டுமே ஓடிய கார் ஒன்று, பேரிங் சத்தத்தோடு எங்கள் பட்டறைக்கு இழுத்து வரப்பட்டது. இந்த மாதத்தில் இது மூன்றாவது வண்டி. "மேலே கேஸ்கெட்தானே மாற்றினார்கள், கீழே பேரிங் எப்படிப் போகும்?" என்று கேட்ட உரிமையாளரிடம், பேரிங் உலோகத்தில் பதிந்திருந்த துகள்களையும் அந்தப் பேரிங்கில் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டில் விழுந்திருந்த கோடுகளையும் காட்டினேன்.

பழைய கேஸ்கெட்டை எடுக்க ஏர் கிரைண்டரில் மாட்டி ஓட்டுகிறார்களே, அந்த உரசும் டிஸ்க்கின் வேலை இது. அதிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு, மோஸ் அளவுகோலில் 9 கடினம் உடையது. அது ஆயில் வழிகளில் இறங்கிவிட்டால் பிறகு துணியால் துடைத்துப் பயனில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமே தன் சர்வீஸ் அறிவிப்பில் இத்தகைய டிஸ்க்குகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறது.

"சார், கண்ணாடி மாதிரி பளபளன்னு தேய்ச்சிருக்கேன்" என்று பெருமையோடு சொல்லும் தம்பிகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது, பளபளப்பு வேறு, சமதளம் வேறு என்பதைத்தான். அலுமினிய பிளாக்கில் சிலிண்டரின் உட்சுவராக இரும்பு லைனர் இருந்தால், டிஸ்க் மென்மையான அலுமினியத்தை அதிகமாகவும் இரும்பைக் குறைவாகவும் தின்னும். லைனரைச் சுற்றிப் பள்ளம் விழும். பல என்ஜின்களில் 0.05 மில்லிமீட்டர்தான் அனுமதிக்கப்பட்ட வளைவு, அதாவது ஏறத்தாழ ஒரு தலைமுடியின் கனம். அதைக் கண்ணாலும் விரலாலும் கண்டுபிடிக்க முடியாது. ஸ்ட்ரைட் எட்ஜ் என்ற நேரான உலோகப் பட்டையை நீளவாக்கில், குறுக்குவாக்கில், இரு மூலைவிட்டங்களிலும் வைத்து இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தால்தான் தெரியும். பல அடுக்கு எஃகுத் தகடு கேஸ்கெட்டுக்குப் பழைய வகைக் கேஸ்கெட்டைவிட வழுவழுப்பான பரப்பு வேண்டும். அதை லேத் பட்டறையின் சர்ஃபேஸ் மெஷின் தரும், எமரித் தாளைச் சுற்றிய கைவிரல் தராது.

ஆகவே சிலிண்டர்களையும் ஆயில், தண்ணீர் வழிகளையும் முதலில் துணியால் அடைத்துவிடுங்கள். கேஸ்கெட் ரிமூவரைத் தெளித்து ஊறவிட்டு, அலுமினியமாக இருந்தால் பிளாஸ்டிக் சுரண்டியால் பொறுமையாக எடுங்கள். கடைசியில் பிரேக் கிளீனரால் துடையுங்கள். அதன்பின் கைபடக் கூடாது. தயாரிப்பாளர் சொல்லாதவரை கேஸ்கெட்டில் ஷெல்லாக்கோ கிரீஸோ பூசாதீர்கள்.

போல்ட் துளைகளை மறக்கிறவர்கள்மேல்தான் எனக்கு மிகுந்த கோபம். அடி மூடிய துளையில் ஆயிலோ கூலன்டோ தேங்கியிருக்க, மேலிருந்து போல்ட்டை முறுக்கினால், நசுங்காத அந்தத் திரவம் பிளாக்கையே விரிசல் விடச் செய்யும். விரிசல் விழாவிட்டாலும், முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரென்ச் சரியான அளவைக் காட்டும்போது ஹெட் சரியாக இறுகியிருக்காது. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு ஒவ்வொரு துளையையும் காற்றடித்துக் காய வையுங்கள், தயவுசெய்து.