தேனடைக் காளான்: ஒரு சொல் விளக்கம்

போன மாதம் சைனாடவுனில் உலர்பொருள் கடை ஒன்றில் ஐம்பது கிராம் காளான் வாங்கி வந்தேன். பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் கொட்டியதும் என் மாமியார் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரல் நீளம், கரும்பழுப்பு நிறம், மேலெல்லாம் குழி குழியாக. "என்னம்மா இது, ஆட்டுக் குடலைக் காயப்போட்ட மாதிரி இருக்கு?" என்றார். அத்தைக்குச் சீனம் தெரியாது. ஆனால் பொட்டலத்தில் அச்சிட்டிருந்த சீனப் பெயரும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது. 'யாங் தூ ஜுன்': யாங் என்றால் ஆடு, தூ என்றால் சமையலுக்கு வாங்கும் இரைப்பை, ஜுன் என்றால் காளான்.

"சரி, தமிழில் இதுக்கு என்ன பேர்?" என்று அடுத்த கேள்வி வந்தது. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஒரு வாரம் அந்தச் சொல்லோடுதான் அலைந்தேன்.

ஆங்கிலத்தில் இது மொரெல். 'மோரல்' என்று எழுதுகிறவர்கள் உண்டு, ஆனால் அது ஒழுக்கத்தைக் குறிக்கும் வேறொரு ஆங்கிலச் சொல்லின் ஒலி. தமிழ் வாசகருக்கு மோர் ஞாபகமும் வரும். ஒலிபெயர்ப்பதென்றால் அழுத்தம் பின்பாதியில் விழும்படி 'மொரெல்' என்று எழுதுவதே சரி. இச்சொல் ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே 'மொரீய்' என்பார்கள். அதற்கும் முன்னால் போனால் ஜெர்மானிய மொழிகளில் போய் நிற்கிறோம். பழைய ஜெர்மனில் 'மொர்ஹா' என்பது கேரட் போன்ற வேர்க்கிழங்கு, 'மொர்ஹிலா' அதன் செல்லச் சுருக்கம். இன்றைய ஜெர்மனில் இந்தக் காளானுக்கு 'மோர்ஷெல்' என்று பெயர், கேரட்டுக்கு 'மோரெ'. ஆக, ஐரோப்பியர் கண்ணுக்கு இது மண்ணில் நட்டுவைத்த குட்டிக் கிழங்காகத் தெரிந்திருக்கிறது. அறிவியலாளர்கள் அதே ஜெர்மன் சொல்லுக்கு லத்தீன் வேடம் போட்டு 'மொர்கெல்லா' ஆக்கினார்கள். அதில் ஓர் இனத்தின் முழுப்பெயர் 'மொர்கெல்லா எஸ்குலெண்டா'. எஸ்குலெண்டா என்றால் உண்ணத்தக்கது. இந்த அடைமொழியை மறக்காதீர்கள், பிறகு தேவைப்படும்.

இங்கே மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பழைய ஆங்கில மூலிகை நூல்களில் 'மொரெல்' என்று கண்டால் உடனே காளான் என்று எழுதிவிடாதீர்கள். அதே எழுத்துக்கூட்டில் இன்னொரு சொல் இருக்கிறது. அது மணத்தக்காளி வகைச் செடிகளைக் குறிப்பது. பிரெஞ்சில் மணத்தக்காளிக்கு இன்றும் 'மொரெல் நுவார்' என்றுதான் பெயர். கருநிறத்தைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த அந்தச் சொல்லுக்கும் நம் காளானுக்கும் உறவே இல்லை.

இந்தி, உருதுப் பெயர் நம்மில் பலருக்குக் கொஞ்சம் பழக்கமானது: குச்சி. 'குச்சா' என்றால் கொத்து, குஞ்சம். காஷ்மீரிலும் இமாசலத்திலும் பனி உருகும் மார்ச் முதல் மே வரை மலைக்காடுகளில் இதைத் தேடிப் பொறுக்கி, நூலில் கோத்து உலர்த்துவார்கள். பெயர் அழகானதுதான், ஆனால் தமிழ் எழுத்துக்குள் வந்ததும் கெட்டுவிடுகிறது. முதலெழுத்தின் வன்மையும் மென்மையும் நம் எழுத்தில் தெரியாது என்பதால் தீக்குச்சி, ஊதுவத்திக் குச்சி வரிசையில் இதுவும் போய்ச் சேர்கிறது. போதாக்குறைக்கு, பேரங்காடியில் வெள்ளை வெள்ளையாக, நீளமாக, மெய்யாகவே குச்சி போல ஒரு காளான் கட்டுக்கட்டாக விற்கிறது. அது எனோக்கி. 'குச்சிக் காளான் வாங்கி வா' என்று யாரையாவது அனுப்பினால் அதைத்தான் வாங்கி வருவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

அப்படியானால் தமிழில் என்ன இருக்கிறது? காளானுக்கு நம் பழம்பெயர் ஆம்பி. புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தன் வறுமையைச் சொல்லும்போது, சமைப்பதையே மறந்துபோன அடுப்பில் 'ஆம்பி பூப்ப' என்கிறார். அடுப்பில் காளான் முளைத்தால் அந்த வீட்டில் சோறு இல்லை என்று பொருள். சிறுபாணாற்றுப்படையிலும் அதே வறுமை, அதே காளான். கறையான் அரித்துக் கொட்டிய சுவர்ப் புழுதியில் முளைத்ததை 'பூழி பூத்த புழற்காளாம்பி' என்கிறார் நத்தத்தனார். பூழி என்பது புழுதி. புழல் என்பது உள்துளை. உள்ளே வெற்றிடமாக இருக்கும் காளான்! அதைப் படித்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன், ஏனென்றால் மொரெலை நெடுக்கில் பிளந்தால் நுனியிலிருந்து காம்பின் அடிவரை ஒரே வெற்றுக்குழல்தான்.

அதற்காகப் 'புழற்காளான்' என்றே பெயர் வைத்துவிடலாமா என்றால், எனக்கு மனம் ஒப்பவில்லை. புலவர் பார்த்தது கறையான் மண்ணில் முளைத்த வெப்பநாட்டுக் காளான். மொரெலுக்குக் குளிர்காலம் கழிந்து மண் சூடேறும் பருவம் வேண்டும், அது தமிழகச் சமவெளியிலும் முளைக்காது, சிங்கப்பூரிலும் முளைக்காது. ஒன்றின் பெயரைப் பிடுங்கி இன்னொன்றுக்குச் சூட்டுவது இரண்டுக்கும் நியாயமில்லை. அப்புறம், இன்று புழல் என்றால் சென்னை ஏரியும் சிறையும்தான் நினைவுக்கு வரும். நாய்க்குடை, குடைக்காளான் என்பனவும் பொருந்தா, இதற்குக் குடையே கிடையாது. சீனப் பெயரை அப்படியே பெயர்த்து 'ஆட்டிரைப்பைக் காளான்' எனலாம், ஆனால் சைவச் சமையலறைக்குள் அது எப்படி நுழையும்?

என் தேர்வு தேனடைக் காளான். மேலே இருக்கும் குழிகளைப் பார்த்தவுடன் தோன்றுவது தேனடைதான். 'தேன்கூட்டுக் காளான்' என்றும் சொல்லலாம், ஆனால் கூடு முழு அமைப்பையும் குறிக்கும். அறை அறையாக இருக்கும் மெழுகுப் பரப்பு அடைதான். சிப்பிக் காளான், பால் காளான், வைக்கோல் காளான் என்று தமிழர் காளானுக்குப் பெயரிடும் பழக்கத்தோடும் இது இயல்பாகச் சேர்கிறது. எழுதும்போது ககர ஒற்றை விட்டுவிடாதீர்கள். முதல் தடவை 'மொரெல் எனப்படும் தேனடைக் காளான்' என்று அறிமுகப்படுத்திவிட்டால், பிறகு தமிழ்ப் பெயரே போதும்.

இந்தப் பெயருக்கு இன்னொரு பயனும் உண்டு. இதன் போலிக்கு 'கைரோமிட்ரா எஸ்குலெண்டா' என்று பெயர். அதே 'உண்ணத்தக்கது' அடைமொழிதான், ஆனால் அது நஞ்சு. அதன் மேற்பரப்பில் தேனடைக் குழிகள் இருக்காது, மூளை போன்ற மடிப்புகள் இருக்கும். பிளந்தால் ஒரே குழலாக இல்லாமல் உள்ளே அறைகளும் சவ்வுமாக அடைத்திருக்கும். வெளியே தேனடை, உள்ளே புழல். இரண்டும் இருந்தால்தான் இது அது.

உண்ணத்தக்கது என்பதும் வெந்த பிறகுதான். பச்சையாக ஒருபோதும் கூடாது. 2023இல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துப் போஸ்மன் நகரில், ஓர் உணவகத்தில் பச்சையாகவும் அரைவேக்காடாகவும் பரிமாறிய தேனடைக் காளானால் 51 பேருக்கு உடம்பு கெட்டது, இருவர் இறந்தார்கள். அது போலி வகையல்ல, சீனாவில் பயிரிட்டு வந்த உண்மையான காளான்.

வீட்டில் நான் செய்வது புலாவ். இருபது கிராமை இளஞ்சூட்டு நீரில் அரைமணி நேரம் ஊறவைப்பேன். ஊறியதும் பாத்திரத்தைக் கவிழ்க்காமல் கையால் அள்ளி எடுக்க வேண்டும். கவிழ்த்தால் அடியில் தங்கிய மணல் மறுபடி குழிகளுக்குள் புகுந்துவிடும். ஒவ்வொன்றையும் நெடுக்கில் பிளந்து, உள்ளே விரல் விட்டு அலச வேண்டும். அன்றைக்கு அத்தைதான் பிளந்தார். முதலாவது பிளந்ததும் "உள்ளே ஒண்ணுமே இல்லையே" என்றார். ஊறிய நீர் தேத்தண்ணீர் நிறத்தில் இருக்கும். மணமெல்லாம் அதில்தான், கொட்டிவிடாதீர்கள். வெள்ளைத் துணியில் வடிகட்டி வையுங்கள்.

நெய்யில் சின்ன வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, காளானைப் போட்டு, வடிகட்டிய நீரில் கொஞ்சம் தெளித்து மூடிப் பதினைந்து நிமிடம் மெல்லிய தீயில் வேகவிடுகிறேன். அதன்பிறகுதான் பாஸ்மதி அரிசி, மீதி நீர், உப்பு. மிளகு போதும். கிராம்பைச் சேர்த்தால் கிராம்பு மட்டும்தான் மணக்கும், இவ்வளவு காசு கொடுத்து வாங்கியது வீண். மூடியைத் திறக்கும்போது வரும் வாசனைக்கு முதல் மழை பட்ட மண்ணைத்தான் ஒப்புச் சொல்ல முடிகிறது, கூடவே வறுத்த முந்திரியின் சாயலும். அத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மிச்சக் காளானைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, மேலே துண்டுக் காகிதத்தில் 'தேனடை' என்று மட்டும் எழுதி ஒட்டியிருக்கிறார். காளான் என்பதையும் எழுதச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பேரன் தேன் என்று நினைத்துத் திறந்துவிடுவான்.