பழைய டெஸ்க்டாப்பில் எது எதற்காகக் காத்திருக்கிறது?

பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். படிக்கும் பிள்ளைக்கென்று வாங்கிய டெஸ்க்டாப் பினாங்கில் பல வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. உதாரணத்துக்கு, 2014 வாக்கில் வந்த ஐ5-4460 பிராசசர், 8 ஜிபி ரேம், ஒரு ஹார்ட் டிஸ்க் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அதில் வேலொரன்ட் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டை ஆட வேண்டும். ஆடுவதைத் தமிழில் பேசிக்கொண்டே யூடியூபில் நேரலையாகவும் விட வேண்டும். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைப் போட்டுவிட்டால் போதும் என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். சில நேரம் அது சரி. பல நேரம் ரிங்கிட் கரைந்ததுதான் மிச்சம், வேகம் அப்படியே இருக்கும்.

திரையில் நொடிக்கு 60 படம் வர வேண்டுமென்றால் ஒவ்வொரு படத்துக்கும் 16.7 மில்லி நொடிதான் கிடைக்கும். நொடிக்கு 144 படம் காட்டும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் 6.9 மில்லி நொடி. எதிரி எங்கே நிற்கிறான், தோட்டா எங்கே பட்டது, எதையெல்லாம் வரைய வேண்டும் என்று பிராசசர் கணக்குப் போட்டுப் பட்டியல் கொடுக்கிறது. அதை வாங்கிப் புள்ளி புள்ளியாக நிறம் கண்டு வரைவது கிராஃபிக்ஸ் கார்டு. கார்டு இந்தப் படத்தை வரையும்போதே பிராசசர் அடுத்ததைத் தயார் செய்கிறது. ஆகவே இரண்டில் எது மெதுவோ, அதுதான் மொத்த வேகம். ரொட்டி சானாய் கடையில் ஆர்டர் எடுப்பவர் ஒருவரே என்றால், ரொட்டி போட இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தாலும் தட்டு சீக்கிரம் வந்துவிடாது.

மெதுவானது எது என்று கண்டுபிடிக்கக் காசு தேவையில்லை. விளையாட்டின் அமைப்பில் வி-சிங்க்கையும் (படவேகத்தை மானிட்டரின் வேகத்தோடு கட்டிப்போடுவது) படவேக வரம்பையும் அணைத்துவிட்டு, ரெசல்யூஷனை, அதாவது படத்தின் புள்ளி அளவை, 1080-இலிருந்து 720-க்குக் குறையுங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பிராசசரின் கணக்கோ கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். வேகம் நன்றாக ஏறினால் கார்டுதான் திணறியிருக்கிறது. ஏறவில்லையா? பிராசசர்தான் தாமதம், புதுக் கார்டு வாங்கினாலும் பலன் இராது. கடைக்குப் போவதற்கு முன் இந்தச் சோதனையை எல்லாரும் செய்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

நேரலைக்கு வருவோம். இதன் சுமை எவ்வளவு என்பது பலருக்குத் தெரிவதில்லை. 1080 திரையில் சுமார் 20 லட்சத்து 74 ஆயிரம் புள்ளிகள். புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 60 படம் என்று பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 300 கோடி பிட் வருகிறது. நேரலையாக அனுப்புவதோ நொடிக்கு 6 மெகாபிட், அதாவது 60 லட்சம் பிட் என்று வைத்துக்கொள்வோம். 500-இல் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும், அதுவும் ஆடும் அதே நேரத்தில்.

2003-இல் வெளிவந்த எச்.264 என்ற வீடியோ சுருக்கும் முறை, படத்தை 16-க்கு 16 புள்ளிக் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டமும் முந்தைய படங்களில் எங்கே இருந்தது என்று தேடுகிறது. கிடைத்தால், ‘அங்கிருந்து இவ்வளவு நகர்ந்தது’ என்ற குறிப்பையும் மிஞ்சிய சிறு வித்தியாசத்தையும் மட்டும் எழுதிவைக்கிறது. அந்த வித்தியாசத்திலும் கண்ணுக்குப் பிடிபடாத நுணுக்கங்களைத் தள்ளிவிடுகிறது. ஆள் ஓடாமல் நிற்கும்போது நேரலை பளிச்சென்று இருப்பதும், புகையும் புல்லும் நிறைந்த இடத்தில் கட்டம் கட்டமாகக் கலங்குவதும் இதனால்தான். அங்கே எந்தக் கட்டத்துக்கும் முந்தைய படத்தில் சரியான ஜோடி கிடைப்பதில்லை.

இந்தத் தேடல்தான் பெரும் உழைப்பு. நான்கே கோர் (பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி) உள்ள ஐ5-இல் விளையாட்டே எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருக்க, அதே கோர்களில் தேடலையும் ஏற்றினால் இரண்டும் இடறும். இந்த வேலைக்கென்றே கிராஃபிக்ஸ் கார்டுகளுக்குள் தனி மின்சுற்று உண்டு. என்விடியா நிறுவனத்தின் கார்டுகளில் 2012 முதல் இருக்கிறது. நேரலை அனுப்பும் மென்பொருளான ஓபிஎஸ்-இன் அமைப்பில் என்கோடர் என்ற இடத்தில் அதைத் தேர்ந்தெடுத்தால் பிராசசரின் பாரம் பெருமளவு இறங்கிவிடும். 2018-இல் வந்த என்விடியாவின் டூரிங் தலைமுறைக் கார்டுகளில் இந்தச் சுற்றின் தரம் நன்றாக உயர்ந்தது. ஆனால் கவனம்: 2019-இல் முதலில் வந்த ஜிடிஎக்ஸ் 1650-இல் இருப்பது பழைய சுற்று, 1650 சூப்பரில்தான் புதியது. பழைய கார்டு வாங்குபவர்கள் அந்த ஒரு சொல்லைப் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம் பவர் சப்ளை. கார்டு செருகும் இடத்திலிருந்து 75 வாட் வரைதான் கிடைக்கும். 1650 சூப்பருக்கு 100 வாட் வேண்டும். தனியாக 6 முனை இணைப்பு தேவை. அலுவலகங்களிலிருந்து கழித்துவிட்ட டெஸ்க்டாப்கள் பலவற்றில் அந்த வயரே இருக்காது.

வெயிலையும் மறக்கக் கூடாது. அறையே 32 டிகிரி என்றால் விசிறி சிப்பை அதற்குக் கீழே இறக்க முடியாது. 100 டிகிரியை நெருங்கினால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தூசியைத் தட்டி, சிப்பின் சூட்டைக் கடத்தும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினாலே சில கணினிகள் இழந்த வேகத்தை மீட்டுவிடும். பேஸ்ட்டைத் துடைக்கும்போது சிப்பின் உலோக மூடியைப் பாருங்கள். பல இன்டெல் சிப்களில் மலேசியாவின் பெயர் பொறித்திருக்கும். 1972-இல் இன்டெல் பினாங்கில் ஆலை தொடங்கியது. அங்கே பாயான் லெப்பாஸ் ஆலைகளில் ஷிப்ட் பார்த்து வீடு கட்டிய தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ. அந்தச் சிப் இன்னும் உழைக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ரேம் ஒற்றை ஸ்டிக்காக இருந்தால் அதே வகையில் இன்னொன்றைச் சேருங்கள். இந்தக் கணினியின் ரேம் வகையான டிடிஆர்3-1600-இல் ஒரு பாதையில் நொடிக்கு 12.8 ஜிபி போகும். இரண்டாவது ஸ்டிக்கால் இரண்டு பாதை திறந்தால் 25.6. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் அதைவிட வேகமான சேமிப்பான எஸ்எஸ்டி போட்டால் விளையாட்டு சீக்கிரம் திறக்கும், படவேகம் பெரிதாக ஏறாது. நேரலைக்கு வைஃபையைவிட கேபிள் நல்லது.

பிராசசர்தான் தாமதம் என்றால் அதே சாக்கெட்டில் ஐ7-4790 உட்காரும்: 4 கோர், 8 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைவரிசை). ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 14 அக்டோபர் 2025-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலில் பொதுவாக 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும்; இந்த ஐ5-உம் ஐ7-உம் 4-ஆம் தலைமுறை. ஆகவே அந்த ஐ7 மிகவும் மலிவாகக் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். எஸ்எஸ்டி, பவர் சப்ளை, கார்டு ஆகியவற்றுக்குக் கொடுக்கும் காசு அப்படியல்ல. தரமானதாக வாங்கினால் அடுத்த கணினிக்கும் கழற்றிப் போட்டுக்கொள்ளலாம்.